உரிக்காமல் விட்ட நீலத்தாள்

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பத்தொன்பது வருடம் லேப்டாப்களைத் திறந்து மூடுவதிலேயே போயிருக்கிறது. கடைத்தெருவில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். வைத்தியத்தைவிடத் திட்டுவது அதிகம் என்பதால் வந்த பெயர்.

மாலையில் கடையில் நிற்க இடமிருக்காது. அப்படியொரு மாலையில் பஸ் ஓட்டும் அக்கா தன் கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு வயது. டூட்டி முடிந்து வந்து அதில் லாரி ஓட்டும் விளையாட்டு விளையாடுவார். பத்து நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது என்றார்.

டாக்டர் பிரித்தார். விசிறிக்குள் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்தார். முக்கியச் சில்லின் மேல், சூடு வெளியேறப் பூசியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். பக்கத்துச் சில்லுகளின் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகளையும் மாற்றி ஒட்டினார்.

ஒரே வாரத்தில் அக்கா திரும்பி வந்தார். மறுபடி சூடு.

“எங்க வெச்சு விளையாடுறீங்க?”

“கட்டில்லதான், தம்பி.”

“மெத்தையில வெச்சா அது எப்படிக்கா மூச்சு விடும்? பகல் பூரா பஸ் ஓட்டினது பத்தலையா, வீட்டுக்குப் போயும் ஓட்டணுமா?”

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்துவைத்தார், முகம் மட்டும் சிறுத்துப்போனது. டாக்டர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. வெளியிலிருந்தே நாலு தடவை காற்றை ஊதி, அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அக்கா வந்து, லேப்டாப்பைக் கடையிலிருந்த டாக்டரின் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“வித்துடச் சொன்னாங்க,” என்றார் மனைவி. “மேஜை வாங்கிப் போட்டும் சூடு குறையலையாம். இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்னு அவங்களே சொல்லிக்கிறாங்க.”

விற்பதற்குமுன் சுத்தம் செய்யலாம் என்று டாக்டர் திறந்தார். பேஸ்ட் சரியாகவே இருந்தது. பட்டைகளின் மேல், ஒட்டும்போது உரித்து எறிய வேண்டிய நீல பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அது இருந்தால் சூடு வெளியேறாது. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

தாளை உரித்து, கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என்னங்க அது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததை எதுக்குப் பாக்கெட்ல போடுறீங்க?”

சொன்னார்.

“அப்ப ரெண்டாவது தடவை திறந்தே பாக்கலையா?”

அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

மூடி, ஒரு மணி நேரம் அந்த லாரி விளையாட்டையே ஓடவிட்டார். சூடு ஏறவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன், சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்த பிறகுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. போனை எடுத்தார்.

“அக்கா, தப்பு என்னோடது. உரிக்க வேண்டிய தாளை உரிக்காம விட்டுட்டேன். ரெண்டாவது தடவை திறந்துகூடப் பாக்கலை.”



“அப்ப கட்டில்ல வெச்சது?”

“அது நல்லதில்லதான். ஆனா காரணம் அது இல்லக்கா.”

“உங்க கடையில எப்ப கூட்டம் ஜாஸ்தி?”

“ஏழு மணிக்கு.”

“நாளைக்கு அப்பவே வர்றேன். இதை அங்கேயும் ஒரு தடவை சொல்லிடுங்க, தம்பி.”

அவர் சரி என்றார். நாளை அக்காவுக்கு டூட்டி ஆறரைக்கு முடிகிறது. டெப்போவிலிருந்து கடைக்கு நடந்து வர இருபது நிமிடம்.