உங்க களம் எங்கீங்க?

வெயிலில் கிடந்த கொப்பரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காங்கேயத்தில் என் மாமனாரின் எண்ணெய் மில்லுக்குப் பின்னால், சிமெண்ட் பூசிய களம் முழுக்க, உடைத்த தேங்காய் மூடிகள் வானம் பார்த்துக் கிடந்தன. ஒவ்வொரு மூடிக்குள்ளும் கொஞ்சம் வெயில். காற்றில் கிறங்கடிக்கும் ஓர் இனிப்பு நெடி. பெண் பார்க்கப் போனவன், பெண்ணை மறந்து அந்த வெண்மையைப் பார்த்தபடி நின்றேன். அதன் நடுவிலிருந்து, கனவுக்குள் நடந்து வருபவர் போல, தலையில் துண்டு கட்டிய ஒருவர் என்னை நோக்கி வந்தார். அவர் எனக்கு மாமனார் ஆவார் என்பதற்கு அப்போது எந்த உத்தரவாதமும் இல்லை.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கதை படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன். கதைமாந்தர், கரு, கதைக்களம், முடிச்சு, உச்சம், நோக்குநிலை. யாருடைய கதை, எங்கே நடக்கிறது, சிக்கல் எங்கே விழுகிறது, எங்கே முற்றுகிறது, யார் கண்ணால் பார்க்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வதே என் பிழைப்பு. சொந்தமாக ஒரு கதை எழுதிப் பார்த்ததும் உண்டு. இரண்டாம் பக்கத்திலேயே கதாநாயகன் கொட்டாவி விட்டுவிட்டதால் நிறுத்திக்கொண்டேன். இவ்வளவையும் கல்யாணத் தரகரிடம் ஆசையாக விளக்கியதுதான் வினையாயிற்று. அவர் காதில் தங்கியது ‘களம்’ மட்டும். காங்கேயத்தில் களம் என்றால் கொப்பரை காயும் இடம். வேறு பொருள் கிடையாது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் களம் இருக்கிறது என்று சொல்லிவைத்துவிட்டார்.

உட்கார்ந்ததும் மாமனார் கேட்டார்: “ஏனுங்க மாப்ள, உங்க களம் எங்கீங்க?”

எண்ணெய் மில்லில் இப்படி ஓர் இலக்கிய ரசிகரா என்று எனக்குப் புல்லரித்தது. “அது கதைக்குக் கதை மாறுமுங்க. சில பேரு ஒரே ரூமுக்குள்ளயே வெச்சுக்குவாங்க.”

“ரூமுக்குள்ளீங்களா? வெயில் படாதுங்களே.”

“வெயில் வேணும்னா வெச்சுக்கலாமுங்க. மழை வேணும்னா அதையும் நாமளே பெய்ய வெச்சுக்கலாம்.”

களம் வைத்திருக்கிற மனிதரிடம் போய் மழையைப் பெய்ய வைப்பேன் என்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எங்கோ இடிக்கிறது என்று உணர்ந்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே காபித் தட்டோடு வந்தாள். சிரிப்பில் கொஞ்சம் உதட்டோரம் இன்னும் மிச்சமிருந்தது. எனக்கு வேண்டியது இவள்தான் என்று தெரிந்த அதே நொடியில், நான் வெறும் வாத்தியார் என்பது மாமனாருக்கும் தெரிந்துபோயிற்று.

“அப்ப, காய வெக்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லீங்களா?”

“துணிதானுங்க,” என்றேன்.

“நல்லதுங்க வாத்தியாருங்க. கலந்துக்கிட்டுச் சொல்லி உடறமுங்க.” எங்கள் பக்கத்தில் ‘ங்க’ கூடக் கூட எதிராளி தூரம் போகிறார் என்று அர்த்தம். மாப்ளயாக உட்கார்ந்தவன் வாத்தியாராகி எழுந்தேன். தரகர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மழை வந்தது. சும்மா ஒரு மேகம். அது களத்தைக் குறிவைத்தே வந்தது போலிருந்தது. எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட, நானும் பட்டுக்கரை வேட்டியோடு ஓடி ஒரு முனையைப் பிடித்தேன். பிடிக்கக் கூடாத முனை. தார்ப்பாய் காற்றில் உப்பி எழுந்து, மாமனாரைத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டது. வாசற்படியிலிருந்து அவள் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: “ஏனுங்க, நீங்க பெய்ய வெச்ச மழைதானுங்களே. நிறுத்திப் போடுங்க.” பிறகு, பாவம் பார்த்து, “அந்த மூலையை முழங்காலுல அழுத்திக்குங்க,” என்றாள்.

அழுத்திக்கொண்டேன். உலகம் முழுவதும் வெள்ளையாகக் கரைந்து, தார்ப்பாய் மேல் மழை விழும் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்த அந்த நேரத்தை இன்றைக்கும் என்னால் அளக்க முடியவில்லை. முழங்காலுக்கடியில் கொப்பரையின் சூடு இருந்தது. நனைந்துகொண்டே தூங்கிவிடுவேன் போலிருந்தது.

“மழை நின்னுபோச்சுங்க. இன்னும் ஏனுங்க அழுத்திக்கிட்டிருக்கீங்க?” மாமனார் எதிரே நின்றிருந்தார்.

“உடச் சொல்லி யாரும் சொல்லலீங்களே.”

அவர் தலைத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். பிறகு ஈரச் சிமெண்டில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வீட்டுக்குள் கேட்காத குரலில் சொன்னார்: “களம் இல்லாட்டிப் பரவால்லீங்க மாப்ள. உங்க கதைல மழை பெய்ஞ்சா, ஒதுங்கறதுக்கு ஒரு எடமும் வெப்பீங்களா?”

ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கேட்பதற்கு நான் நடத்தும் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. அன்று அது நினைவுக்கு வரவில்லை. “வெப்பேனுங்க,” என்றேன். முழங்காலை அப்போதும் எடுக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. கதைக்களம் என்றால் கதை நிகழும் இடமும் காலமும் என்று வகுப்பில் இன்றும் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஏதோ குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். போன வாரம் ஆர்.எஸ்.புரத்தில் திடீரென்று மழை. ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு நானும் அவளும் ஒரு நகைக்கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் ஒதுங்கினோம். ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் இருந்தது.

“எங்கப்பா கேட்ட எடம் இதுதானுங்களா?” என்றாள்.

“இப்போதைக்கு இதுதான் அம்மணி.”

அவள் ஷட்டரோடு ஒட்டி நின்று, எனக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.