பிரிண்டர் போர்ட்டுக்கும் ஒரு பொட்டு

மைசூரில் தசரா முடிந்த மறுநாள், மதியத்துக்குள் என் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். பிரிண்டரோ ஒரு வரிகூட அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் செட்டிங்கில், பிரிண்டர் கேபிள் செருகும் போர்ட்டை எல்பிடி ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், மறுபடி ஒன்றுக்கே மாற்றினேன். ஆயுதபூஜைக்குத் துடைக்கக் கழற்றிய கேபிளை, பூஜை முடிந்து மாட்டியவர் என் கணவர். "ஒரு ஒயரக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் கேபிளைக் கழற்றி டார்ச் அடித்தார். "ஸ்வல்ப இங்க வந்து பாரு" என்றார், 'கொஞ்சம்' என்பதை மட்டும் கன்னடத்தில். போர்ட்டின் துளைகளை அடைத்துக்கொண்டு சந்தனம் காய்ந்திருந்தது.

பூஜையன்று நான் வைத்த பொட்டு. கம்ப்யூட்டரின் நெற்றியில் வைத்தது போதாதென்று, அடிக்கடி மக்கர் பண்ணுகிற இடமாயிற்றே என்று அங்கேயும் ஒன்றை நன்றாக அழுத்தி வைத்திருந்தேன்.