பழைய வங்காளப் பத்திரிகைகளும் படிக்கத் தெரியாத நானும்

பழைய பத்திரிகையை ஸ்கேன் செய்ய பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் இப்படி உட்காருங்கள். ஏற்கெனவே அந்தத் தூசியில் தும்மிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தில்லியில் ஒரு நூலகம். வெள்ளைக்காரன் காலத்து வங்காள இலக்கியப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நான் திருநெல்வேலிக்காரி. சேர்ந்தபோது வங்காளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

நாலா, எட்டா?

ஒரு தொகுப்பு தையல் விட்டு, உதிரித் தாள்களாக வந்தது. எண்ணைப் பார்த்து அடுக்கினேன். வங்காள நாலு நம் எட்டு மாதிரியே இருக்கும் என்று யார் கண்டது? நாற்பதுகளை எல்லாம் எண்பதுகளோடு சேர்த்துவிட்டேன். அதில் ஒரு தொடர்கதை வேறு.

மேற்பார்வையாளர் மித்ரா பாபு சரிபார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். கோபப்படவில்லை. இந்தியில் மெதுவாகச் சொன்னார்: “மேடம், ஹீரோ எழுபதாம் பக்கத்தில் காலமாகிவிட்டார். எண்பதாம் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறாரே!”

வீட்டுப் பாடம்

அன்றைக்கே, வங்காளிகள் அதிகம் இருக்கும் சித்தரஞ்சன் பார்க் மார்க்கெட்டில் குழந்தைகளுக்கான எழுத்துப் புத்தகம் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டு மேஜையில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பத்தாவது படிக்கும் என் மகள் அர்த்தம் கேட்டாள். தெரியாது என்றேன். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அச்சா, நீ படிப்பே, உனக்குப் புரியாது. தமிழ் எனக்குப் புரியும், படிக்க வராது. நாம ரெண்டு பேரும் சேந்தாதாம்மா ஒரு ஆளு.”

அத்தையின் கதை

எங்கள் நூலகத்துக்கு ஒரு கதையைத் தேடி வந்தவர் சோமா தீதி, அதாவது சோமா அக்கா; ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருடைய அத்தை கல்யாணமான புதிதில் ஒரு பத்திரிகைக்குக் கதை எழுதினாராம். தீதியின் அப்பா சொன்ன இதை அவருடைய அண்ணன்மார் யாரும் நம்பவில்லை. “ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்” என்றார் தீதி. பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் வங்காளத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு மூன்று வாரம் தேடினேன். எந்தப் பொருளடக்கத்திலும் இல்லை. கடைசியில் ஓர் இதழின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், அதே பெயர், அதே ஊர்! மித்ரா பாபுவைக் கூப்பிட்டேன். அது கதை இல்லை, ஆசிரியரின் பதில்: கதை நன்றாக இருக்கிறது, மிகவும் நீளம், பாதியாகக் குறைத்து அனுப்பவும். அடுத்த இரண்டு வருஷத்து இதழ்களையும் பார்த்துவிட்டோம். கதை வரவே இல்லை.

தீதியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் திரையைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே படம் எடுத்து அண்ணன்மாருக்கு அனுப்பிவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். “அத்தை குறைத்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் யாருக்குமே சுருக்கமாகப் பேச வராது!”

ஒரு வரிகூடப் புரியாமல் இத்தனை இலக்கியத்தை அட்டை முதல் அட்டை வரை பார்த்தவள் தில்லியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.