குஞ்சு உயரத்தில் ஒரு தெர்மோஸ்டாட்

அன்று வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். "குஞ்சுக்கு மெஷினா?" என்று கோபித்துக்கொண்டு அப்பா அம்பாசமுத்திரம் போய்விட்டார். பின்னறையில் பல்புச் சூட்டில் அம்மா வளர்த்த கோழிக்குஞ்சுகள் மார்கழிக் குளிரில் தினமும் செத்துக்கொண்டிருந்தன. சூடு குறைந்தால் பல்பைத் தானே எரியவைக்கும் தெர்மோஸ்டாட்டை மாட்ட, காதில் பென்சில் செருகிய எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார்.

வீட்டில் முதலில் காலேஜ் போனவன் என்ற மிடுக்கில், அதை மாட்டவேண்டிய இடமென்று சுவரில் என் கண்ணுயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"குளிரு உமக்கா வே, குஞ்சுக்கா?" என்று சிரித்தவர், தரையில் கன்னம் வைத்துப் படுத்துச் சூடு பார்த்தார். குஞ்சுகள் அவர் சட்டையோடு ஒண்டிக்கொண்டன. பத்து நிமிடமாகியும் அவர் எழவில்லை.

"அண்ணாச்சி, உறங்கிட்டியளா?" என்றாள் அம்மா.

"பைய பேசுங்கம்மா. இப்பந்தான் அடங்குதுவ."

பிறகு தரைக்கு இரண்டு விரல் மேலே, தெர்மோஸ்டாட்டின் சூடறியும் சென்சாரைக் கட்டினார். அதன்பின் ஒரு குஞ்சும் சாகவில்லை. அத்தனை நேரம் ஏன் படுத்துக் கிடந்தார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். எச்சம் பட்ட சட்டையோடு கிளம்பியவர், கருவிக்கும் கூலிக்கும் சேர்த்து வாங்கியது எழுநூறு ரூபாய்.