நெனீட்டாவுக்குச் சொன்ன விலை

நெனீட்டாவை நான் திட்டாத திட்டு கிடையாது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஆனால் அவள் திருடி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

அவளுக்கு வேலை, விலை கேட்பது. செவ்வாயும் வெள்ளியும் அரசாங்கம் கொடுத்த நீலப் பையை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாள். குறித்துக் கொடுத்த ஆறு கடைகளில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவாள். பதினோரு வருஷம், புயல் அடித்த நாள் தவிர ஒரு நாள் நின்றதில்லை. புருஷன் செத்த வாரம்கூடப் போனாள். அவள் எழுதியது மாகாண அலுவலகம் போய், மணிலா போய், இந்த வட்டாரத்தில் சாப்பாட்டுச் செலவு இவ்வளவு என்று அச்சாகி வரும்.

நான் பக்கத்து வீடு. சூரை மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் மீன் அறுக்கிறேன். நாங்கள் நானூறு பெண்கள் தினக்கூலியில் முப்பது பெசோ கூட்டிக் கேட்டு, கூலியை முடிவு செய்கிற சம்பள வாரியத்தில் மனுப் போட்டோம். அந்த முப்பதை நம்பித்தான் என் மகள் ரோவேனாவை நர்சிங் சேர்ப்பதாக இருந்தேன். சம்பள வாரியத்துக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒரு தாளைப் படித்தார்.

"உங்க ஊர்ல ரெண்டு வருஷமா அரிசி வெல ஏறவே இல்லையேம்மா. கிலோ நாப்பத்தாறுதான்."

மனு தள்ளுபடி. அடப்பாவிகளா! அன்று காலையில்தான் ஐம்பத்திரண்டு கொடுத்து ஒரு கிலோ வாங்கியிருந்தேன்.

நேரே நெனீட்டா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, எந்தக் கடையில நாப்பத்தாறு? காட்டு, மூட்டையோட தூக்கிட்டு வரேன்."

"கொன்சிங் கடையில. எழுதுறது மட்டுமில்லடி, நான் வாங்குறதே அந்த வெலைக்குத்தான்."

"அதே கொன்சிங்தான் எங்கிட்ட அம்பத்திரெண்டு வாங்கினா!"

"ஒசத்தி ரகமா பாத்து அள்ளியிருப்ப. மகாராணி!"

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இவள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு மனசுக்கு வந்ததை எழுதுகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். ரோவேனா நர்சிங் போகவில்லை. என் பக்கத்திலேயே கத்தியோடு வந்து நின்றாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கத்து வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். அரசாங்கம் எடுக்கிற எல்லாக் கணக்கெடுப்பையும் மேற்பார்வையிட மணிலாவில் ஒரு வாரியம் இருக்கிறதாம், எண் தப்பு என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். நெனீட்டாவின் பெயரைப் போட்டே எழுதினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

வாரியத்திலிருந்து ஆப்ரெனிகா என்று ஒரு பெண் வந்தாள். ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் கூடையுமாக ஒரு வெள்ளிக்கிழமை ஆறு கடையிலும் அரிசி வாங்கினாள். பிறகு என்னையும் நெனீட்டாவையும் உட்காரவைத்தாள்.

"ஆறு கடையிலயும் அம்பத்திரெண்டு. உங்க தாள்ல ஆறுக்கும் நாப்பத்தாறு. நீங்க சந்தைக்குப் போனீங்களா, வீட்லயே எழுதினீங்களா?"

நெனீட்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆப்ரெனிகாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று கொன்சிங் கடைக்கு இழுத்துப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கொன்சிங், அரிசி என்ன வெல?"

"நாப்பத்தாறு. என்னடி புதுசா கேக்குற மாதிரி கேக்குற?"

நெனீட்டா தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள்.

"காலையில எங்கிட்ட அம்பத்திரெண்டு சொன்னீங்களே?" என்றாள் ஆப்ரெனிகா.

கொன்சிங் சிரித்தே விட்டாள். "நீங்க யாரோ! இவ என் சுகி, நிரந்தர வாடிக்கை. எனக்கு மட்டுமா, இங்க எல்லாக் கடைக்கும் இவதான் சுகி. பதினோரு வருஷமா தவறாம வந்து, மாத்தி மாத்தி எல்லார்கிட்டயும் வாங்குறா. வெல ஏறினா ஏறட்டும், அவகிட்ட போய் கண்டவங்களுக்குச் சொல்ற வெலையச் சொல்லுவாங்களா? நல்லாருக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுகி வழக்கம் எனக்குத் தெரியாததா? வழக்கமாக வருகிறவளுக்குத் தனி விலை, மேலே ஒரு பிடி இலவசம். எல்லாச் சந்தையிலும் உள்ளதுதான். கூலி கிடைத்த அன்று எந்தக் கடை கண்ணில் படுகிறதோ அங்கே ஒரு கிலோ வாங்கி ஓடுகிற நாங்கள் யாருக்கும் சுகி இல்லை. விலை எழுத வந்தவளே ஊருக்கெல்லாம் சுகியாகிவிட்டாள் என்பது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லையே!

நெனீட்டா அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே, பதினோரு வருஷம்," என்றாள்.

மாகாண அதிகாரி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "மேடம், அடுத்த மாசத்துலேருந்து தாள்ல வெலைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடலாம். வெளிய தெரிய வேணாமே."

"ரகசியமாத் திருத்தினா அது இன்னொரு தப்பு சார். என்ன ஆச்சு, எத்தன வருஷம், யாருக்கு என்ன போச்சு, எல்லாத்தையும் அச்சடிச்சுப் போடணும். பின்ன எதுக்கு எங்க வாரியம்?"

அச்சடித்துப் போட்டார்கள். சம்பள வாரியம் மறுபடி கூடியது. நெனீட்டாவை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து எங்கள் நானூறு பேர் முன்னால் நின்றாள்.

"உங்க முப்பது பெசோ என் தாள்லதான் போச்சு. கேட்டதத்தான் எழுதினேன். எனக்கு மட்டும் சொல்ற வெலைன்னு தெரியாமப் போச்சு."

கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன். பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். கூலி அடுத்த மாதத்திலிருந்து ஏறியது. போன இரண்டு வருஷம் போனதுதான். ரோவேனாவுக்குக் கத்தி பழகிவிட்டது, நர்சிங் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை சந்தையில் நெனீட்டாவைப் பார்த்தேன். கொன்சிங் அரிசியை நிறுத்துவிட்டு, கைப்பழக்கத்தில் ஒரு பிடி அள்ளி மேலே போட்டாள். நெனீட்டா அந்த ஒரு பிடியை எடுத்துத் திரும்பக் குவியலிலேயே போட்டாள்.

"கோவமாடி?" என்றாள் கொன்சிங். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்ல. ரோவேனா வாங்குற வெலைக்கே எனக்கும் குடு."