ஒரே காசில் ஆறு கட்டம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் அதில் எனக்கு என்ன பெருமை? நாற்பத்தைந்து வயதில் ஒரு வீடியோ கேமை முடித்துவிட்டு, அதன் கடைசித் திரையை மொபைலில் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘முப்பது வருடக் கனவு இன்று நிறைவேறியது’ என்று போட்டேன். படத்தில் மங்கலாக ஒரு சூரிய உதயம் மட்டும் தெரிந்தது. ஜெயங்கொண்டத்துச் சித்தப்பா, ‘வாழ்த்துகள், மனை எந்தப் பக்கம்?’ என்று கேட்டார். மச்சினன், ‘புரமோஷனா மாமா, சொல்லவே இல்ல’ என்று குறைப்பட்டுக்கொண்டான். திருமானூர் அத்தை கும்பிடுகிற கைகள் இரண்டையும் ஒரு தேங்காயையும் அனுப்பினார். நான் யாரையும் திருத்தவில்லை. எல்லாருக்கும் வரிசையாக நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“அத்தை போன் பண்ணாங்க. எப்ப பால் காய்ச்சறீங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“நல்ல நாள் பாத்துட்டு சொல்றோம்னு சொல்லேன்.”

“பொம்மை விளையாட்டுல ஜெயிச்சாருன்னு சொல்றேன். அதான் உண்மை.”

அதுகூட முழு உண்மை இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பழைய வீடியோ கேம் கடைகளில் இருந்த அந்தப் பெரிய பெட்டிகளின் உள்ளுறுப்பை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு நிரல் இப்போது இருக்கிறது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் அன்றைய ஆட்டம் அன்றைய நிறத்தோடும் சத்தத்தோடும் ஓடும். பெட்டியில் காசு போடவேண்டிய ஓட்டைக்குப் பதிலாகக் கீபோர்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் காசு விழுந்த ‘டிங்’ கேட்கும், ஆட்டத்தில் செத்தவன் எழுந்து நிற்பான். கள்ள நோட்டு அடிக்கிறவன்கூட மையும் தாளும் வாங்க வேண்டும். எனக்கு அந்தச் செலவும் இல்லை. அமுக்கி அமுக்கியேதான் ஆறு கட்டத்தையும் தாண்டினேன். எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்காதீர்கள், அந்தப் பொத்தானில் எழுத்து அழிந்துவிட்டது.

அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஏன் அப்படி ஒரு வெறி என்றும் சொல்ல வேண்டும். அரியலூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒருவன் வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். எங்களில் நன்றாக ஆடுகிறவர்கள் ஐந்தாவது கட்டம் வரை போவார்கள். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போய்விடும். கடைக்காரர், “என்ன தம்பி பண்றது, மின்வாரியம் அப்படி” என்று வருத்தப்படுவார். கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நானோ மூன்றாவது கட்டத்தையே தாண்டியதில்லை. ஆனால் தாண்டியவன் தோளுக்குப் பின்னால் நின்று அதிகமாகக் கவலைப்பட்டவன் நான்தான்.

இப்போது பெரம்பலூரில் வீடு, அரியலூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்ச் சுண்ணாம்புக்கல் தூசியோடு திரும்பி வருவேன். வந்து முகம் கழுவியதும் பின்பக்க ரூமுக்குள் போய்விடுவேன். பிளைவுட் பலகையில் ஓட்டை போட்டு, ஒரு பிடியும் ஆறு பொத்தான்களும் பொருத்தி, நானே செய்த ஆட்டப் பலகை அங்கே இருந்தது. ஓட்டைகள் நேர்க்கோட்டில் இல்லை. அதனால் என் விரல்களும் நேர்க்கோட்டில் இல்லாமல் பழகிவிட்டன. அந்த ரூமில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. வெளிச்சம் திரையில் அடித்தால் குண்டு வருவது தெரியாது என்று அதைப் பழைய போர்வையால் மூடி ஆணி அடித்து வைத்திருந்தேன்.

அந்த ஜன்னலைத்தான் மனைவி கேட்டாள்.

அவள் ஜாக்கெட் தைக்கிறாள். மெஷின் ஹாலில், டியூப் லைட்டுக்குக் கீழே கிடந்தது. அந்த வெளிச்சத்தில் மெரூனும் காப்பிக் கலரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சித்திரையில் ஒரு டீச்சரம்மாவுக்கு மெரூன் ஜாக்கெட்டைக் காப்பிக் கலர் நூலில் தைத்துக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா அடுத்த துணியை வேறு கடையில் கொடுத்துவிட்டார். இப்போது வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டம்மா வந்து போயிருந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். “மொதல்ல ஒண்ணு தச்சுக் காட்டும்மா. நூலு, கலரு எல்லாம் பாப்பேன். புடிச்சிருந்தா மொத்த வீட்டுக்கும் ஒங்கிட்டதான்” என்று மாதிரிக்கு ஒரு பட்டுத் துணியைக் கொடுத்திருந்தார். இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

“ஏங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க. பகல் வெளிச்சத்துல தச்சாத்தான் இது ஆவும்.”

நல்ல மனிதனாக இருந்திருந்தால் அங்கேயே சரி என்றிருப்பேன், இந்தக் கதையும் முடிந்திருக்கும். நான், “ஆடி முடியட்டும். அதுக்குள்ள ஒரே காசுல ஆறு கட்டத்தையும் முடிச்சுட்டேன்னா ரூம் எனக்கு. முடிக்கலைன்னா ஒனக்கு” என்றேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். “ஒரே காசுன்னா, அந்தப் பொத்தானை ஒரு தடவைதான் அமுக்கணும். அப்படித்தானே?”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“டிங் டிங்குன்னு ஹாலுக்குக் கேக்குது. கோயில் மணிகூட அவ்வளவு அடிக்கறதில்ல.” பல்லால் நூலைக் கடித்தாள். “சரி. ஆனா யாரு பாக்கறது? நீங்களே ஆடி, நீங்களே ஜெயிச்சேன்னு குரூப்புல போட்டுடுவீங்க. அந்த அரியலூர் கடைக்காரரு இன்னும் இருக்காருன்னு சொன்னீங்கல்ல? அவரைக் கூட்டிட்டு வாங்க.”

இருந்தார். அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஆடிக் கடைசி ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டார். அன்றைக்கே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். “தம்பி, ஒரு காசைப் போட்டுட்டு ஒருத்தன் அரை மணி நேரம் பெட்டியைப் புடிச்சுக்கிட்டா நான் எப்படிக் கடை நடத்தறது? மெயினை நான்தான் அணைப்பேன்.” முப்பது வருடமாக நான் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி முழுக்கப் பயிற்சி. இந்த நிரலில் இன்னொரு வசதி உண்டு: ஆட்டத்தை எந்த நொடியிலும் உறைய வைத்து, பிறகு அங்கிருந்தே எழுப்பிக்கொள்ளலாம். ஐந்தாவது கட்டத்துப் பாலம்தான் எனக்கு எமன். அதை மட்டும் தனியாகப் பழகலாம் என்று பாலத்தின் வாசலில் உறைய வைத்தேன். என் கெட்டிக்காரத்தனம், ஒரு குண்டு அவன் மூக்குக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கும்போது உறைய வைத்திருக்கிறேன், அதுவும் முந்தைய நல்ல இடத்தை அழித்து அதன் மேலேயே. எழுப்பினால் உடனே செத்தான். மறுபடி எழுப்பினேன். கண் திறந்தான், செத்தான். குனிய வைத்தேன், குதிக்க வைத்தேன், பிடியை அமுக்கிக்கொண்டே எழுப்பினேன். காப்பி கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரே எடத்துல எத்தனை வாட்டிங்க சாவான் அவன்? பாவம், விட்டுடுங்க.”

ஆடி மூன்றாவது வாரம் ஆகியும் ஒரே காசில் நான்காவது கட்டத்தைத் தாண்டவில்லை. அப்போதுதான் நிரலின் ஒரு மூலையில் அந்தப் பட்டியலைக் கண்டேன். பழைய பெட்டிக்குள் சர்க்யூட் பலகையில் இருந்த குட்டிக் குட்டி சுவிட்சுகளின் நகல். ஆட்டம் கஷ்டமாக இருக்க வேண்டுமா, சுலபமாகவா? ஒரு காசுக்கு எத்தனை உயிர்? நான் மிகச் சுலபத்தில் வைத்து, ஐந்து உயிர் என்று தேர்ந்தெடுத்தேன். ஒரே காசு என்றுதானே பேச்சு, உயிரைப் பற்றிப் பேசவில்லையே என்று மனசாட்சியிடம் வக்கீல்போல வாதாடி, தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருமுனை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். மைக் செட் சத்தம் ரூமுக்குள்ளும் வந்தது. மனைவி அவருக்குக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்து, “அண்ணா, நல்லாப் பாத்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அவர் எனக்குப் பின்னால், நான் அந்தக் காலத்தில் எங்கே நின்றேனோ அந்த இடத்தில், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு ‘டிங்’. திரையின் மூலையில் ஐந்து உயிர்கள் வரிசையாக நின்றன. பின்னால் கூழ் உறிஞ்சுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஆடினேன். எதிரிகள் சாவகாசமாக வந்தார்கள், குண்டுகள் மாட்டுவண்டிபோல வந்தன. இருந்தும் பாலத்தில் இரண்டு உயிரை விட்டேன். அந்த அளவுக்கு எனக்குத் திறமை உண்டு. ஆறாவது கட்டத்துக்குள் நுழைந்தபோது கடைக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மூச்சு என் காதில் பட்டது. கட்டத்தின் முடிவில் திரை நிறைய ஓர் இரும்புப் பூதம் வந்து நின்றது.

“எட்டிப் போ தம்பி. மேல, மேல. அதோட கண்ணுல அடி.”

“பாத்திருக்கீங்களா அண்ணே?”

“எங்க பாத்தேன்? எனக்கு ஆடவே வராது. அணைக்க மட்டுந்தான் தெரியும்.”

கடைசி உயிரில், அந்த இரும்புப் பூதம் சிதறி விழுந்தது. சூரியன் உதித்தது. எழுத்துப் பிழையோடு ஒரு வாழ்த்து வந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் திரை கறுத்து, ஆட்டம் முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான்.”

“இதுக்கா நான் அத்தனை வாட்டி மெயினை அணைச்சேன்?” அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். காலிச் சொம்பைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு மனைவி வந்தாள். ஒரு கையில் அந்தப் பட்டுத் துணி, இன்னொரு கையில் இரண்டு நூல்கண்டு.

“ஜெயிச்சுட்டாராண்ணா?”

“முடிச்சாரும்மா.” அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். “ஆனா எங்க கடைப் பெட்டி ரெண்டு உசுருதான் குடுக்கும். பின்னாடி தொறந்து நானே கஷ்டத்துல வெச்சிருப்பேன். இவரு அஞ்சு வெச்சு, இருக்கறதுலயே லேசா வெச்சுருக்காரு. இப்படி வெச்சிருந்தா பால்வாடிப் புள்ளையே முடிச்சிருக்கும்.”

நான் வாய் திறந்தேன். உயிரைப் பற்றிப் பேச்சே இல்லை என்ற வாதம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைத் திட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, எங்கள் இருவரையும் தாண்டி அந்த ரூமின் பின்கதவைத் திறந்து கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லின் மேல் துணியை விரித்து, ஒரு கண்டை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு இரண்டையும் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஹாலுக்குப் போனாள். இரண்டும் சரியில்லை போலிருக்கிறது. வேறு கண்டோடு திரும்பி வந்து மறுபடி கொல்லைக்குப் போனாள்.

ஆடி முழுக்க, பகலில் நான் வீட்டில் இருந்தபோதெல்லாம், அவள் அப்படி என் முதுகுக்குப் பின்னால் போய் வந்துகொண்டிருந்தாள். துணி காயப்போடப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம், “வெளிச்சம், வெளிச்சம்” என்று கத்தியும் இருக்கிறேன்.

கடைக்காரர் எழுந்து, என் தோளில் தட்டி, “சுத்தி இருந்தா எடு தம்பி. ஆணியைப் புடுங்கிட்டுப் போறேன்” என்றார். போர்வையை இருவருமாகக் கழற்றினோம். தூசியில் அவர் தும்மியது மைக் செட்டையும் தாண்டிக் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மெஷின் ஜன்னலடிக்கு வந்துவிட்டது. என் கம்ப்யூட்டர் பரணுக்குப் போனது. ஆட்டப் பலகையை எங்கே வைப்பது என்று கேட்டேன். கேட்டது காதில் விழாத மாதிரி அவள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மாதிரி ஜாக்கெட்டை வாலிகண்டபுரத்தம்மா ஜன்னலருகே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்தையலை நகத்தால் நிரடிப் பார்த்தார். மறுநாளே கட்டைப்பை நிறையத் துணி வந்து இறங்கியது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான். அவள் ஒருத்தியால் வெட்டித் தைத்து ஹெம்மிங்கும் பண்ணி ஹூக்கும் வைக்க நேரம் போதாது. ஆபீசிலிருந்து வந்ததும் நானே ஹூக் வைக்கிறேன் என்று முன்வந்தேன். வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லாமல் போயிருந்தது.

முதல் ஜாக்கெட்டில் ஆறு ஹூக்கும் வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. விரலில் இரண்டு குத்து. முடித்துவிட்டு, மொபைலில் படம் எடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் முன்னால் நீட்டி, “எப்படி, பழகின கை இல்லையா? ஆறையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டேன் பாரு” என்றேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தாமல், வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தாள்.

“கோணலா இருக்கு, பிரிங்க.”