முனுசாமி என்று முழுசாக

என் மகனுக்குத் தொப்புள்கொடிகூட விழவில்லை, அதற்குள் அவன் பெயரைப் பற்றி ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் என் நாத்தனார். மணலூர்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டே, "இன்னா பேரு யோசிச்சிருக்கீங்க?" என்றார்.

"முனுசாமி" என்றேன்.

பாலை ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "வெளாடாத. நெசமா சொல்லு."

"நெசமாத்தான் அண்ணி. எங்க அப்பா பேரு."

"உங்க அப்பா பேருன்னா மனசுல வெச்சிக்கோ. புள்ள தலையில எதுக்கு வைக்கற? தெருவுல நின்னு கூப்புட்டா பல்லு போன கெழவன்தான் திரும்பிப் பாப்பான்." பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் அவள் அம்மாவும் சிரித்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு என் நாத்தனார் பெயர்களை அடுக்கினார். எல்லாம் ஷ், ஜ், ஸ் என்று சீறுகிற பெயர்கள். நான் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அதே பெயர்களைத்தான் கூப்பிடுகிறேன். ஒரே பெயரில் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள்.

என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அக்கா பேசும்போதும் தலையாட்டினார், நான் பேசும்போதும் தலையாட்டினார். தையல் போட்ட இடம் வலித்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பள்ளியிலிருந்து பார்க்க வந்த ஆசிரியைகள், "பசங்க கிண்டல் பண்ணுவாங்க மிஸ்" என்றார்கள். கிண்டல் பண்ணாதே என்று சொல்லிக்கொடுக்கத்தானே நமக்குச் சம்பளம் என்று கேட்டேன். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் அண்ணன் பேசியதுதான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, வாடகை வீடு, அக்கம்பக்கத்தில் நாங்கள் யாரென்று தெரியாமல் பார்த்துக்கொள்கிற வாழ்க்கை. போனில் மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள்.

"அந்தப் பேர வெக்காத. பேர கேட்டதுமே நாம எங்கேருந்து வரோம்னு கண்டுபுடிச்சிடுவாங்க."

"கண்டுபுடிச்சா இன்னாண்ணா?"

"உனக்குத் தெரியாது. நீ கள்ளக்குறிச்சியிலயே இருந்துக்கினு பேசற."

எனக்கா தெரியாது? போனை வைத்துவிட்டேன்.

அப்பாவின் கதையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். எங்கள் ஊர் கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை எந்நேரமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்ன ஊர். நாங்கள் இருந்தது ஊரை விட்டுத் தள்ளி இருந்த காலனியில். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. ஊரிலிருந்த பெரிய பண்ணை ஒன்றில் மாடு மேய்ப்பதிலிருந்து கரும்பு வெட்டுவது வரை எல்லா வேலையும் அவர்தான். அவருக்கு அவருடைய அப்பா வைத்த பெயர் முனுசாமி. பண்ணை வீட்டில் அந்தப் பெயரை ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. நம்மிடம் கூலிக்கு வருகிறவனைப் போய் சாமி என்று கூப்பிடுவதா என்று பெரியவருக்குக் கௌரவக் குறைச்சல். சாமியை வெட்டி எறிந்துவிட்டு முனியன் என்றார். ஊர் முழுக்க முனியன் என்றது. கடைசியில் காலனிக்காரர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ரேஷன் கார்டிலும் முனியன்தான். முனியன் என்பதும் சாமி பெயர்தானே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். அது என் அப்பாவுக்கு வைத்த பெயர் இல்லை.

முழுப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டியவள் அம்மா. அவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். "இன்னாங்க" என்பாள், இல்லையென்றால் "பாப்பா அப்பா" என்பாள். ஆக, ஒரு மனுஷன் பிறந்து வளர்ந்து கிழவராகிச் சாகிற வரைக்கும் அவர் பெயரை வாய்திறந்து யாரும் கூப்பிடவில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் அம்மாவோடு அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். மலையடிவாரத்தில் மாடுகளை விட்டுவிட்டு அப்பா புங்கமர நிழலில் நின்றிருந்தார். பண்ணைக்காரரின் மகன் புது பைக்கில் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது. வண்டியை நிறுத்தாமலே, "டேய் முனியா, அந்த செவலைய எங்கடா உட்ட?" என்றான். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தோ, ஓடையாண்ட நிக்கிதுங்க சின்னய்யா" என்றார். பைக் போனதும் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

அப்பா நெஞ்சுவலியில் இறந்தபோது நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். சாவுக்குப் போய் இறங்கினால், காலனி முனையில் அண்ணன் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தான். அப்பாவின் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'முனியன்'. "இது இன்னாண்ணா பேரு?" என்று அங்கேயே கத்தினேன். "அப்படிப் போட்டாத்தான் ஊருக்குத் தெரியும்" என்றான். காரியம் முடிகிற வரை அந்த ஃபிளெக்ஸ் அங்கேயேதான் இருந்தது. பிறக்கப்போவது ஆண்பிள்ளையாக இருந்தால் என்ன பெயர் என்பதை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் முடிவு செய்தேன்.

பெயர் வைக்கும் நாளுக்கு அம்மா வீட்டில்தான் ஏற்பாடு. தொட்டில் கட்டிக்கொண்டிருந்த அம்மா, தன் பங்குக்கு ஒரு புகார் வைத்திருந்தாள். "உங்கப்பா பேர வெச்சிட்டா நான் எப்டிடி கூப்புடுவேன் என் பேரன?"

"அவருதான் போயிட்டாரேம்மா. இப்பவாவது சொல்லேன்."

"சொல்ல வராதுடி. நான் சாமின்னுதான் கூப்புடப் போறேன். அப்புறம் எங்கிட்ட கோச்சிக்காத." பண்ணையில் வெட்டி எறிந்த பாதிதான் அது. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து மணி வாக்கில் பண்ணைக்காரரின் மகன் வந்தான். அதே பைக் பையன்தான். இப்போது காரும் கட்சிக்கரை வேட்டியுமாக. அண்ணன் கூப்பிட்டிருக்கிறான், எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான் அண்ணன். சென்னையில் ஏ.சி. அறையில் உட்காருகிறவன்.

"இன்னாம்மா, பையனுக்கு இன்னா பேரு?"

"முனுசாமிங்க."

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அட! முனியன் திரும்பி வந்துட்டானா!" எழுந்து வந்து தொட்டிலுக்குள் குனிந்து, என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "டேய் முனியா" என்றான்.

"முனுசாமிங்க. முழுசா கூப்புடுங்க" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. "எல்லாம் ஒண்ணுதானம்மா. நாங்க எப்பவும் அப்படித்தான கூப்புடுவோம்."

"ஒண்ணு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவனுடைய அப்பாவின் பெயரைச் சொன்னேன். கடைசியிலிருந்த சாதிப் பட்டத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு 'ன்' சேர்த்துச் சொன்னேன். "இப்படிச் சொன்னா ஒத்துக்குவீங்களா? அதுவும் ஒண்ணுதானே?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகம் கறுத்துப்போனது. என்னிடம் ஒன்றும் பேசாமல் அண்ணனைப் பார்த்து, "படிக்க வெச்சது ஜாஸ்தி ஆயிடுச்சிடா" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டான். அண்ணன் பின்னாலேயே கார் வரைக்கும் ஓடினான்.

திரும்பி வந்தவன் என்னைப் பார்த்து ஆடின ஆட்டத்தை எழுத விருப்பமில்லை. "நீ பேசிட்டு பஸ் ஏறிப் பூடுவ. அம்மா இங்க இருக்க வேணாமா?" என்று அவன் கேட்டது மட்டும் நியாயம். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசில்லை. நாத்தனார், "நல்ல நாள்ல இதெல்லாம் தேவையா?" என்று முணுமுணுத்தார். அப்போது, இரண்டு பக்கமும் தலையாட்டுகிற என் கணவர் தொட்டிலருகே போனார். குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொன்னார். காதில் சொல்வது மாதிரி இல்லை, பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது மாதிரி, கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். குழந்தை வீறிட்டு அழுதது.

பண்ணையிலிருந்து அம்மாவை வேலைக்குக் கூப்பிடுவது அன்றோடு நின்றது. வரப்பில் புல் அறுக்கவும் விடவில்லை. இருந்த ஒரு கறவை மாட்டை அம்மா விற்றுவிட்டாள். எங்களோடு கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடு என்றேன். வர மாட்டேன் என்றாள். நூறு நாள் வேலைக்கும், அடுத்த ஊரில் களையெடுக்கவும் போய்ப் பிழைத்துக்கொண்டாள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

இந்த வருஷம் மணிலாக்கொட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்காமல் பண்ணையிலிருந்து அவர்களே சொல்லி அனுப்பினார்கள். அம்மா போனாள். கேள்விப்பட்டதும் ஊருக்குப் போய்ச் சண்டை போட்டேன். "உனக்கு ரோஷமே இல்லியாம்மா?"

"கூலிக்குப் போறேன். அவன் மூஞ்சியப் பாக்கவா போறேன்?" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள். "சின்னய்யா வயலாண்ட வந்தாரு. உன் பேரன் எப்டி இருக்கான்னு விசாரிச்சாரு. நல்லா இருக்கான்னேன்."

"பேரைச் சொல்லிக் கேட்டானா?"

"இல்ல. பேரன்னுதான் கேட்டாரு."

"பாத்தியா? முனியன்னும் சொல்லல, முனுசாமின்னும் சொல்லல. அவன் வாயில அது வராது."

"வராட்டி போவட்டும். நீ இன்னும் எத்தினி நாளிக்கி இப்படிக் கொதிச்சிக்கினு இருக்கப் போற?"

வாசலில் என் பையன் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தான். நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலனி முனை வரை கேட்கட்டும் என்று அவன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன்.